அலெக் இசிகோனிஸ்

சர் அலெக் இசிகோனிஸ் (18 நவம்பர் 1906 – 2 அக்டோபர் 1988) ஸ்மிர்னா நகரின் கிரேக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்து, அகதியாக இங்கிலாந்து வந்து, மோரிஸ் மைனர், மினி ஆகிய கார்களை உருவாக்கியவர். தன்னை இரும்புச் சாமான் கடைக்காரன் என்று கிண்டலாகச் சொல்லிக்கொள்வார். கையையும் கண்ணையும் நம்பியவர். கணிதத்தையும் சந்தை ஆய்வையும் அறவே நம்பாதவர். அவருடைய கார்களின் சிறப்பு, கோளாறு இரண்டுக்கும் வேர் இந்தக் குணம்தான்.

பிறப்பும் புலப்பெயர்வும்

இன்று துருக்கியின் இஸ்மிர் எனப்படும் ஸ்மிர்னா அப்போது ஒட்டோமான் பேரரசின் துறைமுகம். கிரேக்கர், துருக்கியர், ஆர்மீனியர், யூதர், ஐரோப்பிய வணிகர் எனப் பலரும் வாழ்ந்த ஊர். அலெக்கின் பாட்டனார் டெமோஸ்தெனிஸ் பாரோஸ் தீவிலிருந்து அங்கே பிழைக்க வந்தவர். ஆங்கிலேயர் போட்ட ஸ்மிர்னா–அய்தின் ரயில் பாதையில் வேலை பார்த்ததில் அவருக்கு பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. தந்தை கான்ஸ்டன்டைன் கப்பல் எந்திரப் பட்டறை நடத்தினார். தாய் ஹுல்டா, ஊரில் பியர் ஆலை வைத்திருந்த ஜெர்மானியக் குடும்பத்துப் பெண். பட்டறையை ஒட்டியே வீடு இருந்ததால் சிறுவன் எந்திரச் சத்தத்திலேயே வளர்ந்தான்.

1922 செப்டம்பரில் துருக்கியப் படை நகரைக் கைப்பற்றியது. சில நாளில் ஊர் தீக்கிரையானது. கிரேக்கர் பலர் கரையில் கப்பலுக்குக் காத்துத் தவிக்க, பாட்டனார் தேடிவைத்த குடியுரிமை இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது. பிரிட்டிஷ் கடற்படை அவர்களை மால்டாவுக்கு ஏற்றிச் சென்றது. அங்கேயே தந்தை நோயுற்று இறந்தார். 1923இல் தாயும் மகனும் மட்டும் லண்டன் வந்து சேர்ந்தார்கள். மணம் செய்துகொள்ளாத இசிகோனிஸ், 1972இல் தாய் இறக்கும்வரை பெரும்பாலும் அவருடனேயே வாழ்ந்தார்.

பாட்டர்சீ பாலிடெக்னிக்கில் எந்திரவியல் படித்தார். வரைபடத்தில் கெட்டிக்காரர்; கணிதத்தில் மூன்று முறை தோற்றார். படைப்பூக்கம் உள்ளவனுக்குக் கணிதம் எதிரி என்று பிற்காலத்தில் அவர் பேசியதில் இந்தக் கசப்பும் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஹம்பர் நிறுவனத்தில் சிலகாலம் இருந்துவிட்டு 1936இல் மோரிஸ் நிறுவனத்துக்கு மாறினார்.

அந்த ஆண்டுகளில் அவரை நன்றாகக் காட்டுவது சம்பள வேலையல்ல. ‘லைட்வெயிட் ஸ்பெஷல்’ என்ற பந்தயக் கார். நண்பர் ஜார்ஜ் டௌசனுடன் சேர்ந்து ஓய்வு நேரத்தில், மின்கருவி எதுவும் இல்லாமல், ரம்பமும் அரமும் கொண்டு பல ஆண்டுகள் செதுக்கியது. ஒட்டுப்பலகைக்கு இருபுறமும் அலுமினியத் தகடு ஒட்டிய உடல், பின்சக்கரங்களுக்கு ரப்பர் ஸ்பிரிங். எடையைக் குறைப்பது, ரப்பரைத் தாங்கியாக்குவது என்ற இரண்டு எண்ணங்களும் இருபது ஆண்டு கழித்து மினியில் தலைகாட்டின.

மோரிஸ் மைனர்

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே ‘மஸ்கிட்டோ’ என்ற மறைபெயரில் இந்தக் காரின் வேலை தொடங்கியது. இசிகோனிஸ் வெறும் கையால் கிறுக்கித் தரும் படங்களை ஜாக் டேனியல்ஸும் ரெஜ் ஜாபும் அளவுள்ள வரைபடங்களாக்குவார்கள். மாதிரி வண்டி தயாரான பிறகு அகலம் குறைவாகத் தோன்றியது. நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். 4 அங்குல இடைவெளி கண்ணுக்குச் சரியாகப் பட்டது. அதுவே முடிவான அளவு. பானட்டின் நடுவே ஓடும் மேடான பட்டையும், முதல் கார்களின் பம்பர் நடுவில் ஒட்டுப்போட்ட துண்டும் அந்த அறுவையின் தழும்புகள்.

முதலாளி நஃபீல்டு பிரபுவுக்கு வண்டி துளியும் பிடிக்கவில்லை; கொதிநீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்றார். 1948இல் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளியான மைனர், பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார் ஆயிற்று. மொத்தம் 16 லட்சத்துக்கும் மேல் விற்றது.

இலங்கையில் இதற்குத் தனி வரலாறு உண்டு. உள்நாட்டுப் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராதபோது மோரிஸ் மைனரும் ஆஸ்டின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் இது முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழைய வகை எஞ்சின் இசிகோனிஸின் விருப்பம் அல்ல. அவர் புதுவகை எஞ்சின் கேட்டார். செலவு அதிகம் என்று நிர்வாகம் மறுத்துவிட்டது.

மினி

1952இல் மோரிஸும் ஆஸ்டினும் இணைந்து பி.எம்.சி. ஆனபோது இசிகோனிஸ் ஆல்விஸ் நிறுவனத்துக்குப் போய், 1955 இறுதியில் திரும்பினார். அடுத்த ஆண்டு சூயஸ் நெருக்கடி வந்தது. பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன். ஜெர்மானியக் குட்டிக் கார்கள் விற்பனையில் எகிறின. அவற்றை விரட்ட ஒழுங்கான சிறு கார் வேண்டும், எஞ்சின் மட்டும் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதாக இருக்க வேண்டும் என்றார் பி.எம்.சி. தலைவர் லெனார்ட் லார்டு.

ஏறத்தாழ 10 அடி நீளத்துக்குள் நான்கு பேரும் பெட்டிகளும் அடங்க வேண்டும். எஞ்சினை நெடுக்கில் வைத்தால் ஆள் உட்கார இடமில்லை. குறுக்கே திருப்பினால் கியர்பாக்ஸுக்கு இடமில்லை. அதைத் தூக்கி எஞ்சினுக்கு அடியில், ஆயில் தங்கும் சம்புக்குள்ளேயே வைத்தார். இரண்டுக்கும் ஒரே ஆயில். சக்கரம் 10 அங்குலம்தான். அந்த அளவு டயரை டன்லப் புதிதாகச் செய்தது. ஸ்பிரிங்குக்குப் பதில் அலெக்ஸ் மோல்டனின் ரப்பர் கூம்புகள். காரின் தரைப்பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதம் மனிதருக்கும் சாமானுக்கும் கிடைத்தது. இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கமும் குறுக்கு எஞ்சினும் கொண்டவையே. ஆனால் கியர்பாக்ஸை அடியில் வைக்காமல் எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்துகின்றன.

1959 ஆகஸ்ட் 26 அன்று, வரி உட்பட 500 பவுண்டுக்குச் சற்றுக் குறைந்த விலையில் மினி வெளிவந்தது. மழையில் குட்டு வெளிப்பட்டது. சோதனையின்போது கார்புரேட்டரில் பனி உறைந்ததால் எஞ்சினை முன்பின்னாகத் திருப்பியிருந்தார்கள். இதனால் மின்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்கு நேர் பின்னால் வந்து, சாரலில் நனைந்து வண்டி நின்றது. தரைத்தகடுகளின் ஒட்டு மழைநீரை உள்ளே இழுத்தது. இருக்கைகள் விறைப்பானவை, வசதியாக உட்கார்ந்தால் ஓட்டுநர் அசந்துவிடுவார் என்பது அவர் கட்சி. ஓயாமல் புகைப்பவர் வடிவமைத்த காரில் ரேடியோ இல்லை, சாம்பல் கிண்ணம் இருந்தது.

பந்தயக் கார் கட்டுநர் ஜான் கூப்பர் வேக மினி செய்யலாம் என்றபோது இசிகோனிஸ் முதலில் தயங்கினார். 1961இல் வந்த மினி கூப்பர் 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றது. 1966இல் முதலில் வந்தும், முகப்பு விளக்கு விதியைக் காட்டி நீக்கப்பட்டது.

பின்னாட்கள்

1962இல் வந்த 1100 என்ற கார் நன்றாக விற்றது. 1800, மேக்ஸி ஆகியவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வாங்குபவர் விரும்புவதைக் கேட்க மறுக்கும் பிடிவாதம் சிறு காரில் செல்லுபடியானது; பெரிய காரில் எடுபடவில்லை. ‘அர்ரகோனிஸ்’ என்று திமிருக்கான ஆங்கிலச் சொல்லை அவர் பெயரோடு சேர்த்து சக ஊழியர் பட்டப்பெயர் வைத்தது சும்மா இல்லை. 1968இல் பிரிட்டிஷ் லேலண்ட் உருவானதும் ஓரங்கட்டப்பட்டார். மினிக்கு மாற்றாக அவர் செய்த 9எக்ஸ் கைவிடப்பட்டது. 1969இல் சர் பட்டம், 1971இல் ஓய்வு. விடைபெறும்போது அவர் பெற்ற பரிசு பெரிய மெக்கானோ பெட்டி. அதன் பிறகும் ஆலோசகராக நீடித்து, கியரே இல்லாத மினி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார்.

அவருடைய மினியின் உற்பத்தி 2000 அக்டோபரில், 53 லட்சம் கார்களுக்கு மேல் செய்தபின் நின்றது. அதற்கு முன்பே, 1994இல், ரோவர் நிறுவனத்தோடு மினியும் பி.எம்.டபிள்யூ. கைக்குப் போயிருந்தது. அப்போது பி.எம்.டபிள்யூ. தலைவராக இருந்த பெர்ன்ட் பிஷெட்ஸ்ரீடர் இசிகோனிஸுக்குத் தாய்வழிச் சொந்தம்.