மதகுச் சாவி யார் கையில்?

‘நெட் நியூட்ராலிட்டி’ என்றால் என்ன? தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கடைமடை விவசாயியிடம் கேளுங்கள். ‘மேல்மடைக்காரன் ஷட்டரை இறக்கிட்டா என்ன ஆகும்?’ என்று கேட்டுப் பாருங்கள், கொட்டித் தீர்த்துவிடுவார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சமாச்சாரம்தான்!

கல்லணையில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும், வழியில் ஒருவர் அடைத்தால் கடைமடையில் நாற்று கருகும். நதிநீர் எந்த ஒரு மாநிலத்துக்கும் சொந்தமில்லை என்று 2018 பிப்ரவரி 16-ல் காவிரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொன்னது.

இன்டர்நெட்டும் வாய்க்கால்தான். 2015-ல் ஃபேஸ்புக், சில வெப்சைட்களை மட்டும் இலவசமாகத் தர ‘ஃப்ரீ பேஸிக்ஸ்’ என்று வந்தது. ‘இலவசம்தானே, என்ன நஷ்டம்?’ என்கிறீர்களா? எந்த வயலுக்குப் பாயணும் என்று வாய்க்கால் வெட்டியவனே முடிவு செய்வான், அதுதான் நஷ்டம். 2016 பிப்ரவரி 8-ல் டிராய் தடை போட்டது.

சரி, கம்பெனியை அரசு அமைப்பு தடுத்தது. அரசை யார் தடுப்பது?

பொது நெருக்கடி என்றால் தந்தியை நிறுத்தலாம் என்று வெள்ளைக்காரன் 1885-ல் சட்டம் போட்டான். அதன் கீழ் 2017-ல் இன்டர்நெட்டை நிறுத்தவும் விதிகள் வந்தன. 2018 மே 22, தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு. மறுநாள் மூன்று மாவட்டங்களில் இன்டர்நெட் கட்! யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஊரே தவித்த நேரம் அது.

காலவரையின்றி நிறுத்தக் கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும் என்று 2020-ல் காஷ்மீர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2023-ல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டமும் வந்தது. நிறுத்தும் அதிகாரம் மட்டும் பத்திரமாக இருக்கிறது!

மதகே வேண்டாம் என்று எந்த டெல்டாக்காரரும் சொல்ல மாட்டார். வெள்ளம் வந்தால் அடைக்கத்தான் வேண்டும். ஏன் அடைத்தாய், எப்போது திறப்பாய் என்று கேட்டால் பதில் வர வேண்டும். அவ்வளவுதான்.