ஒரே தானில் வெட்டிய துணி

கிறிஸ்மஸ் பரிசு என்றதும் இன்றைய குழந்தைகளின் நினைவுக்கு வருவது வண்ணத்தாளில் பொதிந்த பெட்டி. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் திருச்சிராப்பள்ளிக் கத்தோலிக்க வீடுகளில் பரிசு என்றால் புதுத்துணி ஒன்றுதான். பொம்மையும் பந்தும் அதற்குப் பின்னால் வந்தால் வரும், வராமலும் போகும்.

வீட்டுக்கு நான்கு, ஐந்து பிள்ளைகள் இருந்த காலம் அது. சின்னக் கடை வீதியில் பாப்ளின் தான் ஒன்றைப் பிரித்து, ஆண் பிள்ளைகளுக்குச் சட்டையும் பெண் பிள்ளைகளுக்குப் பாவாடைக்கு மேற்சட்டையும் அதிலேயே எடுத்துவிடுவார்கள். நடுநிசித் திருப்பலிக்கு வரிசையாக வரும் பிள்ளைகளின் நிறத்தைப் பார்த்தே இன்னார் வீட்டுப் பிள்ளைகள் என்று கோயில்பிள்ளை சொல்லிவிடுவார். மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்ற சிக்கனம் அதில் உண்டு. ஆனால் அது பாதிக் காரணமே. "அவனுக்கு மட்டும் நல்லது" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வாய்ப்பில்லாமல் போயிற்று அல்லவா, அதுவே மறுபாதி. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிறம் ஒன்று, ஆனால் அளவு ஒன்றன்று. பத்து வயதுக்காரனுக்கு ஒன்றேகால் மீட்டர் என்றால் கைக்குழந்தைக்கு அரை மீட்டர் போதும். கைக்குழந்தைக்குத் துணி குறைந்துவிட்டது என்று எவரும் வழக்குப் பேசியதில்லை.

இந்தப் பாடம் நம் முன்னோருக்கு எளிதாக வந்ததன்று. தொடக்க நூலில் யாக்கோபு தம் மக்களுள் யோசேப்புக்கு மட்டும் தனி அங்கி செய்து கொடுத்தார். அந்த ஓர் ஆடை மூட்டிய பொறாமை யோசேப்பை எகிப்துவரை அடிமையாக விற்றது. பஞ்ச காலத்தில் அதே யோசேப்பின் களஞ்சியத்தால் குடும்பம் பிழைத்தது என்பது பின்கதை. அதற்காகத் தகப்பன் செய்தது சரியாகிவிடுமா என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள். அன்று என்னிடம் விடையில்லை.

கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு மூலவரான புனித நிக்கோலாஸ் நான்காம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயராக இருந்தவர். 1087இல் அவருடைய திருப்பண்டங்கள் இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. டிசம்பர் 6 அவருடைய திருநாள். மூன்று பெண்களைக் கரையேற்ற வழியற்றுத் தவித்த ஒரு தகப்பனின் வீட்டுக்குள் அவர் இரவில் பொன்முடிப்புகளை எறிந்தார் என்பது மரபுக் கதை. அவர் யாருக்கும் தெரியாமல் கொடுத்ததைத்தான் மறையுரைகளில் புகழ்வார்கள். எனக்குப் பிடித்தது முடிப்புகளின் எண்ணிக்கை. பெண்கள் மூவர், முடிப்புகளும் மூன்று. மூத்தவளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு அவர் ஊர் திரும்பிவிடவில்லை.

அந்தத் தாத்தா எங்கள் பக்கம் வந்தது இரயில் வழியாக. நாகப்பட்டினம் திருச்சிக்கு இரண்டு பெரிய கொடைகளை அளித்தது. 1844இல் அங்கே தொடங்கிய தூய வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு வந்தது. தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை 1920களின் பிற்பகுதியில் பொன்மலைக்கு வந்தது. பணிமனையோடு குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வீடுகளில்தான் கேக்கையும் கிறிஸ்மஸ் மரத்தையும் முதன்முதலில் பார்த்தோம். பார்த்துவிட்டு வந்து வீட்டில் கேட்டோம். வரவுசெலவுத் தொல்லை அன்று தொடங்கியது.

அம்மா அதற்கு ஸ்ரீரங்கத்தில் வழி கண்டார். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிப் பகல் பத்தும் இராப்பத்துமாக இருபத்தொரு நாள் திருவிழா நடக்கும்போது கோவிலைச் சுற்றிலும் கடை போட்டிருப்பார்கள். மரச் சொப்பு, ஊதல், பம்பரம், கிலுகிலுப்பை எல்லாம் கிடைக்கும். ஏகாதசி சில ஆண்டுகளில் பொங்கலை ஒட்டி வரும், சில ஆண்டுகளில் டிசம்பரிலேயே வந்துவிடும். (2020இல் சரியாக டிசம்பர் 25ஆம் நாளே வந்தது. பெருந்தொற்றின் கட்டுப்பாடுகளுக்கிடையே அரங்கன் பரமபத வாசலைக் கடந்த அதே நாளில் நாங்கள் குடிலுக்கு முன் இடைவெளி விட்டு நின்றோம்.) டிசம்பரில் வரும் ஆண்டுகளில் அம்மா எங்களை ஒன்றாம் எண் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போவார். கடைக்கு முன் நின்று நால்வர் கையிலும் ஒரே தொகையைக் கொடுப்பார். தேர்வு எங்களுடையது. தம்பி ஒருமுறை முதல் கடையிலேயே முழுவதையும் செலவழித்துவிட்டு அடுத்த கடையில் புரண்டு அழுதான். அம்மா ஒரு காசும் கூட்டித் தரவில்லை. எங்களையும் தர விடவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது? 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் தொழிலாளருக்கு ஒரு வழி திறந்தது. இன்று குறைந்தபட்சமாக உள்ள 8.33 விழுக்காடு ஏறக்குறைய ஒரு மாத ஊதியம். ஆனால் போனஸ் தீபாவளிக்கு வரும். கிறிஸ்தவ வீட்டுக்காரர் அதை இரண்டு மாதம் தொடாமல் காக்க வேண்டும். தெருவெல்லாம் வெடிச்சத்தம் கேட்கையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது எத்தனை கடினம் என்பது காத்தவர்களுக்குத் தெரியும். ஆகவே பெண்கள் சீட்டை நம்பினார்கள். வாரந்தோறும் சிறு தொகை கட்டிப் பண்டிகைக்கு முன் எடுத்துக்கொள்ளும் பலகாரச் சீட்டு நம் தெருக்களில் பழையது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் நகரில் 1909இல் ஒரு வங்கி கிறிஸ்மஸ் சேமிப்புச் சங்கம் தொடங்கியதை ஒரு புத்தகத்தில் படித்தபோது, 'இது நம்ம ஊர்ச் சீட்டுதானே!' என்று தோன்றியது.

இரயில்வேக்கோ அந்தச் சட்டம் பொருந்தவில்லை. 1974 மே 8 முதல் 27 வரை நடந்த நாடு தழுவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் போனஸும் ஒன்று. உற்பத்தித் திறனோடு இணைந்த போனஸ் இரயில்வேயில் வந்தது 1979–80இல்தான். 1974 வேலைநிறுத்தத்தில் பொன்மலையிலிருந்து கலந்துகொண்டவர்களுள் என் தந்தையும் ஒருவர். மூன்று வார ஊதியம் போயிற்று, கடன் வந்தது. சீட்டையும் இடையில் நிறுத்தும்படி ஆயிற்று.

அந்தக் கிறிஸ்மஸில் துணி எடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. பச்சைக் கட்டம் போட்ட துணி. தம்பி தங்கைக்கும் எனக்கும் சட்டை தைத்தார்கள். அக்காள் பழைய தாவணியைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டிக்கொண்டு திருப்பலிக்கு வந்தார். "எனக்குக் கட்டம் பிடிக்காது" என்றார். நான் அதை நம்பினேன். பன்னிரண்டு வயதுப் பையன் வேறெதை நம்புவான்?

அம்மா மறைந்த பிறகு அவருடைய பெட்டியில் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. ஆண்டுக்கொரு பக்கம், அதில் நால்வர் பெயரும் வரிசையாக இருந்தன. துணி, தையற்கூலி, ஸ்ரீரங்கத்துச் சில்லறை என்று ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் கூட்டிப் போட்டிருந்தார். 1974ஆம் ஆண்டுப் பக்கத்தில் அக்காளின் பெயருக்கு நேரே தொகை இல்லை. "பெரியவளுக்குப் பாக்கி ரூ. 14" என்று எழுதியிருந்தது. 1975இலும் அதே வரி. 76இலும் அதுவே. அக்காளின் திருமணம் நடந்த ஆண்டில் நகை, பாத்திரம், பந்தல் என்று பக்கம் பக்கமாகச் செலவு எழுதியிருந்த அம்மா, அதற்கு அடியிலும் அந்தப் பதினான்கு ரூபாயைத் தனியாக எழுதி அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோயிருந்தார். திருமணச் செலவில் அதைக் கழித்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை போலும். கடைசி நோட்டிலும் அந்தப் பாக்கி நிற்கிறது.

சென்ற டிசம்பரில் நோட்டுகளை அக்காளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"வட்டி போட்டு எவ்வளவு ஆகுதுன்னு பாருடா" என்றார்.