புரோய் (பிரெஞ்சுக் குடும்பப் பெயர்)

புரோய் என்பது பிரான்சு நாட்டின் ஒரு பிரபுக் குடும்பத்துக்கு உரிய அரிய பெயராகும். இயற்பியல், வேதியியல் மாணவர்கள் இதை ‘டி பிராக்லி சமன்பாடு’ என்ற தொடரில் சந்தித்திருப்பர். 1924 ஆம் ஆண்டு ஆய்வேட்டில் பருப்பொருளுக்கும் அலைப்பண்பு உண்டு என்று கூறி, 1929 இல் நோபல் பரிசு பெற்ற லூயி தெ புரோய் இக்குடும்பத்தவரே. எழுத்துக்கூட்டி வாசித்தால் ‘பிராக்லி’ என்றுதான் வரும். ஆனால் பிரெஞ்சுக்காரர் அதில் உள்ள ‘க்’, ‘ல்’ இரண்டையும் ஒலிப்பதில்லை.

இதற்குக் காரணம் பெயரின் இத்தாலியப் பிறப்பு. குடும்பத்தின் பூர்வீகம் பியத்மாந்துப் பகுதியில் தூரின் நகருக்கு அருகிலுள்ள கியேரி. அங்கே பெயர் ‘புரோலியா’ என வழங்கியது. இத்தாலிய எழுத்துமுறையில் ஜி, எல் இரண்டும் சேர்ந்து ‘ல்ய’ போன்ற ஒற்றை ஒலியைக் குறிக்கும். ஆகவே மூலத்திலேயே ‘க்’ ஒலி கிடையாது. 1640களில் பிரான்செசுக்கோ மரியா புரோலியா, தம்மைப் போலவே இத்தாலியரான கர்தினால் மசாரின் காலத்துப் பிரான்சில் படைப்பணி ஏற்றார். பிற்காலத்தில் பிரெஞ்சு மொழியில் ‘ல்ய’ ஒலி தேய்ந்து ‘ய்’ ஆனது. ஒலி மாறியது, எழுத்து மாறவில்லை.

இன்று ‘புரோய்’ என்றும் ‘புரெய்’ என்றும் இரு விதமாக ஒலிக்கின்றனர். இரண்டாவதன் உயிரொலிக்குத் தமிழில் எழுத்தில்லை. உதடுகளைக் குவித்துக்கொண்டு ‘எ’ என்று சொன்னால் ஏறத்தாழ வரும். அவ்வாறு ஒலிக்கும்போது அது ‘புரெய்’ என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லோடு ஒன்றாகிவிடுகிறது. வேலியிட்ட சிறு காடு என்பது அச்சொல்லின் பொருள். பண்டைய கௌல் மொழியிலிருந்து பிற்கால இலத்தீனுக்கு வந்த ‘புரோகிலுசு’ அதன் மூலம். குடும்பப் பெயரும் அதே வேரினது என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

முன்னால் வரும் ‘தெ’ என்பதற்கு ‘இன்ன இடத்தின்’ என்று பொருள். பிரெஞ்சுப் பிரபுக்கள் பெரும்பாலும் தம் நிலத்தின் பெயரைச் சூடினர். இங்கே நடந்தது நேர்மாறு. 1742 இல் மார்ஷல் பிரான்சுவா மரி கோமகன் பட்டம் பெற்றபோது, நார்மண்டியில் அவருக்குரிய சாம்பிரே என்ற ஊர் ‘புரோய்’ எனப் பெயர் மாற்றப்பட்டது. வந்தேறிய குடும்பம் ஒரு நூற்றாண்டுக்குள் தன் பெயரையே ஊருக்குக் கொடுத்துவிட்டது!

இசுத்திராசுபூர் நகரின் புகழ்பெற்ற சதுக்கம் ஒன்றும் இதே மார்ஷலின் பெயரைத் தாங்கியுள்ளது. செருமானியக் கிளைமொழி வழங்கிய அந்நகரத்தார் எழுத்தைப் பார்த்து ‘புரோக்லி’ என்றே சொல்கின்றனர். எனவே தமிழ் மாணவரின் ‘பிராக்லி’க்குப் பிரான்சிலேயே துணை உண்டு. ஆயினும் அது அச்சதுக்கத்துக்குப் பொருந்துமேயன்றி அறிவியலாளருக்குப் பொருந்தாது.

பட்டங்களிலும் ஒரு நுட்பம் உண்டு. 1759 இல் இரண்டாம் கோமகனுக்குப் புனித உரோமைப் பேரரசர் அளித்த இளவரசர் பட்டம் வழித்தோன்றல்கள் அனைவருக்கும் உரியது. கோமகன் பட்டமோ குடும்பத் தலைவருக்கு மட்டும். அதனால் 1892 இல் பிறந்த லூயி நெடுங்காலம் ‘இளவரசர்’ என்றே அழைக்கப்பட்டார். எக்சு கதிர் ஆய்வாளரான அண்ணன் மொரீசு 1960 இல் மறைந்த பின்னரே ஏழாம் கோமகனானார்.

அகரவரிசைப் பட்டியல்களில் ‘தெ’ கணக்கில் வராது. பிரெஞ்சு நூலகத்தில் லூயியின் நூல்களைத் தேடுபவர் ‘டி’ எழுத்தின்கீழ் அல்ல, ‘பி’ எழுத்தின்கீழ்ப் பார்க்கவேண்டும். தமிழில் ‘டி பிராக்லி’, ‘டி ப்ராய்’ என்ற இரு வடிவங்களும் வழங்குகின்றன. இவற்றுள் பின்னதே பிரெஞ்சு ஒலிப்புக்கு நெருக்கமானது.