ராத்திரியில் சாலை தெரியவில்லையா? பிக்கப் முன்விளக்கை மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் இடையில் ஓடும் பிக்கப்களில் பத்து, பதினைந்து வயதைத் தாண்டியவை ஏராளம். எஞ்சின் இன்னும் நன்றாக இழுக்கும். ராத்திரியில்தான் சாலை தெரியாது. ஏழரை மணிக்கு இருட்டிய பிறகு செம்பனைத் தோட்டச் சாலையில் விளக்குக் கம்பம் கிடையாது. மாடு குறுக்கே நிற்கும். பின்விளக்கு எரியாத மோட்டார் சைக்கிள் முன்னால் போகும். கறுப்புச் சட்டை போட்டவர் ஓரமாக நடந்து வருவார். உடனே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், வெள்ளை வெளேரென எரியும் எல்இடி பல்ப் வாங்கி மாட்டிவிடுவது பலரின் வழக்கம். உண்மையில் அது கடைசியாக யோசிக்க வேண்டிய வேலை.

கணக்கைப் பார்த்தால் ஆபத்து புரியும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 22 மீட்டர். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் வண்டி 33 மீட்டர் போய்விடும். காய்ந்த தார்ச் சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 35 மீட்டர் வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 70 மீட்டர். கறுப்பு உடை அணிந்தவரை லோ பீமில் பெரும்பாலும் 50 மீட்டர் அளவில்தான் கண்டுகொள்ள முடியும். நல்ல நிலையில் இருக்கும் விளக்கின் கதையே இப்படி என்றால், மங்கிய விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் நிற்கும் தூரம் இன்னும் நீளும்.

முதலில் கண்ணாடி, பிறகு கம்பி

விளக்கின் முன்பக்கம் உண்மையில் கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன்மேல் வெயிலைத் தாங்கும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். நம் ஊர் வெயிலில் நிறுத்தியே வைக்கும் வண்டியில் சில ஆண்டுகளில் அந்தப் பூச்சு உரிந்து, பிளாஸ்டிக் மஞ்சளித்துப் போகும். அதற்குப் பின்னால் எந்த பல்பைப் போட்டாலும் பாதி வெளிச்சம் அங்கேயே சிதறிவிடும். சிதறிய ஒளி எதிரே வருபவரின் கண்ணிலும் அடிக்கும்.

இதற்கு 800 எண் நீர்த்தாளில் தொடங்கி 1000, 2000, 3000 என்று படிப்படியாகத் தேய்த்து, பாலிஷ் போட வேண்டும். தாளையும் விளக்கையும் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். சுற்றியுள்ள பெயிண்ட்டில் படாமல் டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும். பளபளவென்று வந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிட்டால் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளித்துவிடும். மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் பூச்சு அடிப்பது கட்டாயம். பற்பசை போட்டுத் தேய்க்கும் வித்தை சமூக ஊடகங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதுவும் ஒருவகைப் பாலிஷ்தான் என்பதால் பார்வைக்குக் கொஞ்சம் பளிச்சென்று தெரியும், நிலைக்காது. உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு மங்கியிருந்தால் எந்தப் பாலிஷும் உதவாது. விளக்குப் பெட்டியையே மாற்ற வேண்டும்.

அடுத்தது மின்சாரம். பட்டறைகளில் அதிகம் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட் குறைவதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்து, பழைய கம்பி, துருப்பிடித்த இணைப்பு, தேய்ந்த சுவிட்ச் எல்லாம் தாண்டி பல்பைச் சேரும்போது 12.3 வோல்ட்டாகக் குறைந்தால், வெளிச்சம் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். ஒன்றரை வோல்ட் இழப்புக்கு மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போகிறது.

சோதிப்பது சுலபம். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரால் பேட்டரியில் ஓர் அளவும் பல்பின் சாக்கெட்டில் ஓர் அளவும் எடுத்தால் போதும். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் முதலில் எர்த் கம்பி இணைப்பைக் கழற்றிச் சுரண்டித் துடைத்து மாட்டிப் பார்க்கலாம். சரியாகாவிட்டால் ரிலே வைத்த தனிக் கம்பி போடலாம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த கம்பி நேராக விளக்குக்குப் போகும். பழைய சுவிட்ச் கம்பி ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் செய்யும். இரண்டு 55 வாட் பல்புக்கு ஒன்பது ஆம்பியருக்கு மேல் ஓடுவதால் மெல்லிய கம்பி உதவாது. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பழைய டொயோட்டா பிக்கப்கள் சிலவற்றில் சுவிட்ச் நெகட்டிவ் பக்கத்தில் வேலை செய்யும். அதற்கேற்ற ரிலே செட் என்று கேட்டு வாங்காவிட்டால் ஹை பீம் சரியாக வேலை செய்யாது.

பல்ப் வாங்கும்போது

பழைய பிக்கப்களின் சாதாரண மாடல்கள் பலவற்றில் இருப்பது எச்4 பல்ப். ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள்: ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். லோ பீம் இழைக்கு அடியில் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். கீழே போகும் ஒளியை அது மறைப்பதால்தான் சாலையில் விழும் வெளிச்சத்துக்கு மேல்பக்கம் கோடு கிழித்தது போன்ற எல்லை கிடைக்கிறது. அந்த எல்லை இருப்பதால் எதிரே வருபவரின் கண் தப்பிக்கிறது.

பெட்டியின் மேல் ‘100 விழுக்காடு’, ‘130 விழுக்காடு’ கூடுதல் வெளிச்சம் என்று போட்டிருக்கும் ஹாலோஜன் பல்புகள் பொய்யல்ல. ஆனால் அந்தக் கணக்கு, சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு, சாலையில் குறிப்பிட்ட சில புள்ளிகளை ஒப்பிட்டுச் சொல்வது. மொத்த ஒளி இரட்டிப்பாகாது. தூரத்தில் நன்றாகத் தெரியும், ஆயுள் குறைவு. நீலச் சாயம் பூசிய ஹாலோஜன் பல்ப் வேண்டவே வேண்டாம். அந்தச் சாயமே ஒளியின் ஒரு பங்கைத் தின்றுவிடும். 100 வாட் பல்ப் போட்டால் சாக்கெட் உருகும், உள்ளே வெள்ளிப் பூச்சு கருகும். பல்பை மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக்கூடாது. பட்டுவிட்டால் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும்.

எச்ஐடி விஷயத்தில் சட்டம் தெளிவு. ஹாலோஜனுக்காகச் செய்த விளக்கில் எச்ஐடி பொருத்துவதைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே அனுமதிப்பதில்லை. தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்தவற்றுக்குத் தடையில்லை. இதில் பாரபட்சம் ஒன்றுமில்லை. 2,000 லூமெனுக்கு மேல் ஒளி தரும் லோ பீமுக்கு, சுமைக்கேற்பத் தானாகவே தாழும் அமைப்பும் விளக்கைக் கழுவும் அமைப்பும் வேண்டும் என்பது ஐநா விதி. 35 வாட் எச்ஐடி ஏறக்குறைய 3,200 லூமென் தரும். பழைய பிக்கப்பில் அந்த அமைப்புகள் ஏது?

எல்இடி பல்பின் சிக்கல் வேறு. எச்4 இழை இருக்கும் அதே இடத்தில், அதே அளவில், ஒளி புறப்பட்டால்தான் பிரதிபலிப்பான் சரியாக வேலை செய்யும். மலிவான எல்இடிகளில் சில்லுகள் தடித்த பட்டையின் இரு பக்கமும் ஒட்டப்பட்டிருப்பதால் ஒளி கண்ட இடத்தில் சிதறும். வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பகல்போல் இருக்கும், ஓட்டுபவருக்கு மனநிறைவு. ஆனால் அந்தப் பளிச்சென்ற தரைக்குக் கண் பழகிவிடுவதால் தூரத்து இருட்டு இன்னும் இருண்டுவிடும். ஜெர்மனியில் 2020 முதல் சில எல்இடி பல்புகளுக்கு அனுமதி உண்டு. அங்கும் எந்தக் கார், எந்த விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகுதான் அனுமதி கிடைக்கிறது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

கேமரன் மலைப் பனிமூட்டத்தில் ஏறி இறங்குபவர்கள் 6000 கெல்வின் நீல வெள்ளையைத் தவிர்ப்பது நல்லது. மூட்டத்திலும் மழையிலும் அந்த வெளிச்சம் வெள்ளைத் திரையாகத் திரும்பிக் கண்ணிலேயே அடிக்கும். அங்கே ஹை பீமும் உதவாது. லோ பீமும் தாழ்வாகப் பொருத்திய ஃபாக் லைட்டும்தான் துணை.

விளக்குப் பெட்டியையே மாற்றுபவர்கள், முக்கியமாக இணையத்தில் வாங்குபவர்கள், ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். லோ பீம் சாலையோரப் பக்கம் சற்று மேலெழுந்து விழும்படி செய்யப்பட்டிருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அமெரிக்காவுக்காகச் செய்த பெட்டியை மாட்டினால் அந்த மேலெழும் ஒளி வலப்பக்கம், எதிரே வரும் வண்டிக்குள் நேராகப் போகும். தரமான பெட்டியில் வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் அருகில் ஓர் எண்ணும் இருக்கும். வண்டிக்கு முன்னால் நின்று விளக்கைப் பார்க்கும்போது, அந்த முத்திரையோடு உள்ள அம்புக்குறி பார்ப்பவரின் வலது கைப் பக்கம் காட்டினால் அது இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு உரியது. இரு பக்கமும் காட்டினால் இரண்டுக்கும் பொருந்தும். அம்பே இல்லை என்றால் வாங்கக்கூடாது.

குறி வைப்பது

எல்லாம் புதிதாகப் போட்டும் விளக்கு மரக்கிளையைக் காட்டினால் பயனில்லை. சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்த வேண்டும். டயர்களில் காற்று சரியாக இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி 90 சென்டிமீட்டர் உயரம் என்றால், சுவரில் லோ பீமின் மேல் எல்லை 75 முதல் 80 சென்டிமீட்டரில் விழ வேண்டும். விளக்கின் பின்னால் உள்ள திருகாணியைத் திருப்பி இதைச் சரிசெய்யலாம். ஒரு விளக்கைத் துணியால் மூடிவிட்டு மற்றதைப் பார்ப்பது எளிது. ஸ்பிரிங் உயர்த்தியவர்களும் பெரிய டயர் போட்டவர்களும் இதைத் திரும்பச் செய்தாக வேண்டும்.

பிக்கப்புக்கே உரிய தொல்லை சுமை. உர மூட்டையோ காய்கறிக் கூடையோ ஏற்றிப் பின்பக்கம் 5 சென்டிமீட்டர் அமுங்கினால், ஏறக்குறைய 3 மீட்டர் சக்கர இடைவெளி கொண்ட வண்டியில் விளக்கு 50 மீட்டர் தூரத்தில் 80 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும். தாழ்வாக வைத்த குறி முழுவதும் அதோடு அழிந்து, லோ பீமே எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்தில் அடிக்கும். பல பிக்கப்களில் டேஷ்போர்டில் 0 முதல் எண் போட்ட சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். சுமை ஏறினால் எண்ணைக் கூட்ட வேண்டும், இறக்கியதும் 0-க்குக் கொண்டுவர வேண்டும். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்களே அதிகம்.

கூரைமேல் மாட்டும் எல்இடி பார் தோட்டத்து உள்சாலைக்கு உதவும். பொதுச் சாலையில் அதை எரியவிடக் கூடாது. தனி சுவிட்ச் வைத்து, தோட்டத்து கேட்டைத் தாண்டும் முன் அணைத்துவிட வேண்டும். வணிக வாகனமாகப் பதிவான பிக்கப் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகும்போது, முன்விளக்கும் கருவியில் வைத்துப் பார்க்கப்படும்.

விளக்கில் குறையே இல்லாமலும் சாலை தெரியாமல் போகலாம். 2019 முதல் நடப்பில் உள்ள விதிப்படி முன்கண்ணாடி 70 விழுக்காடு ஒளியையும், முன் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியையும் உள்ளே விட வேண்டும். அதைவிடக் கறுத்த டிண்ட் ஒட்டிக்கொண்டு விளக்கைக் குறை சொல்வதில் பொருளில்லை. முன்கண்ணாடியின் உட்பக்கம் படியும் புகை, எண்ணெய்ப் படலத்தை மாதம் ஒருமுறை துடைத்தாலே கண்கூசல் குறையும். 60 வயதுக்காரரின் கண்ணுக்குள், 20 வயதில் போன ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போகும். எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் கண்புரையின் தொடக்கமாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் பல்ப் கடைக்குப் போகும் முன் கிளினிக்கில் கண்ணைச் சோதித்துவிடுவது நல்லது.