எந்தக் காலத்து என்ஜினைப் பிரிக்கிறீங்க?

போன எபிசோடுக்குப் பிறகு வந்த மெசேஜ்களில் ஒரே கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்தது: பழைய கார் என்ஜினை வீட்டிலேயே பிரிச்சு மறுபடி கட்டணும்னா எங்கெல்லாம் தப்பு நடக்கும்? நான் மெக்கானிக் இல்லை. இன்ஜினியரிங் படிச்சுட்டு கீபோர்டைத் தட்டி சம்பாதிக்கிற லட்சக்கணக்கான பேர்ல ஒருத்தன். அதனால செய்முறை வகுப்பு எடுக்கப் போறதில்லை, வரலாறு சொல்றேன். ஏன்னா, வீட்டு கராஜில் நடக்கும் தப்புகளில் பல, ஒரு காலத்தில் சரியான வேலையாக இருந்தவை. அந்தக் காலத்து வேலையை இன்னொரு காலத்து என்ஜின் மேல செய்யும்போதுதான் காசு கரியாகுது.

1908ஆம் ஆண்டு பிப்ரவரி கடைசி. இங்கிலாந்தில் புரூக்லேண்ட்ஸ் ரேஸ் டிராக் திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஆட்கள் அங்கே மூன்று கெடிலாக் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒற்றை சிலிண்டர், 10 குதிரைத்திறன். லண்டன் ஏஜெண்டின் கையிருப்பிலிருந்து கிளப்பே பொறுக்கி எடுத்த கார்கள். மூன்றையும் முழுசாகப் பிரித்தார்கள். ஒரு காருக்கு 721 பாகங்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதிலிருந்து ரொம்பத் துல்லியம் தேவைப்படும் 89 பாகங்களை எடுத்துவிட்டு, ஏஜெண்டின் ஸ்டாக்கில் இருந்த ஸ்பேர் பாகங்களைப் போட்டார்கள். பிறகு ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் மட்டும் கொடுத்து, திரும்ப மூன்று கார் கட்டச் சொன்னார்கள். அரம் கிடையாது. தேய்த்துப் பொருத்த அனுமதி கிடையாது.

மூன்று காரும் ஸ்டார்ட் ஆச்சு. ஒவ்வொன்றும் 500 மைல், அதாவது சுமார் 800 கிலோமீட்டர், டிராக்கில் ஓடி முடித்தது. அதில் ஒரு காரை சீல் வைத்துப் பூட்டி, அதே ஜூன் மாதம் 2000 மைல் நம்பகத்தன்மைப் போட்டிக்கு எடுத்தார்கள். தன் பிரிவில் அது ஜெயிச்சது. கெடிலாக்குக்கு டியூவர் கோப்பை கொடுத்தார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம்னு நமக்குத் தோணும். ஸ்பேர் பார்ட்னா பொருந்தத்தானே செய்யும்? அன்றைக்கு அப்படி இல்லை. அந்தக் காலத்து கார்கள் பெரும்பாலும் ஃபிட்டர் கையால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தியவை. ஒரு காரின் பாகம் பக்கத்துக் காரில் உட்காராது. கெடிலாக்கின் ஹென்றி லீலண்ட் துப்பாக்கித் தொழிலிலிருந்து வந்தவர். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச் சாலை, கோல்ட் கம்பெனி, பிறகு பிரவுன் அண்ட் ஷார்ப் என்ற அளவுக்கருவி கம்பெனி. எந்தத் துப்பாக்கியின் பாகமும் எந்தத் துப்பாக்கியிலும் உட்கார வேண்டும் என்ற பழக்கத்தை அவர் காருக்குக் கொண்டுவந்தார்.

இந்தக் கதையை மட்டும் கேட்டுட்டு ஸ்பேனர் எடுத்தா மாட்டிப்பீங்க. அந்த மூன்று காரும் புதுசு. பாகங்கள் ஒன்றோடொன்று தேயவே ஆரம்பிக்கல. நீங்க பிரிக்கப் போற என்ஜின் இருபது வருஷம் ஓடினது. அதில் ஒவ்வொரு டேப்பெட்டும் தனக்கு மேலே அல்லது கீழே இருக்கும் கேம் மேட்டோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும். பழைய கேம் ஷாஃப்டையே திரும்பப் போடுறீங்கன்னா, டேப்பெட் இடம் மாறக் கூடாது. மாறினா ரெண்டும் ஒன்னையொன்னு அரைச்சுடும். முட்டை அட்டையில் நம்பர் எழுதி வரிசையா வைங்க. இதைவிட நல்ல டேட்டா ஸ்ட்ரக்சர் இந்த வேலைக்கு இல்லை.

அடுத்தது பேரிங். இங்கேதான் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்த கதை இருக்கிறது.

1839இல் அமெரிக்காவில் ஐசக் பாபிட் என்பவர் தகரம், ஆன்டிமனி, செம்பு கலந்த மெத்தென்ற ஓர் உலோகத்தைக் கொண்டுவந்தார். சுழலும் தண்டைத் தாங்க அது அருமையான பொருள். எண்ணெயில் ஒரு தூசி வந்தால்கூட, தண்டைக் கீறாமல் அந்த மெத்தென்ற உலோகத்தில் புதைந்துவிடும். ஃபோர்டின் மாடல் டி, 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரானதே, அதில் இந்த பாபிட்டை உருக்கி நேராக என்ஜின் பிளாக்கிலேயே ஊற்றினார்கள். கொஞ்சம் தேய்ந்ததும் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் வரும். அப்போது விவசாயி என்ன செய்வார்? காருக்கு அடியில் படுத்து, அடித்தட்டைக் கழற்றி, கனெக்டிங் ராடின் அடிப்பகுதி கேப்பைக் கழற்றுவார். அதன் இரண்டு முனைகளையும் அரத்தால் கொஞ்சம் ராவி, திரும்ப முறுக்குவார். இடைவெளி குறையும், சத்தம் நிற்கும். கிராங்க் கையில் சுற்றினால் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் அளவு. அது தப்பு இல்லை. அந்த என்ஜினுக்கு அதுதான் முறை.

1930களில் ஷெல் பேரிங் பரவியது. எஃகு முதுகின் மேல் மெல்லிய உலோகப் பூச்சு, அரைவட்டம் அரைவட்டமாக இரண்டு துண்டு. தேய்ந்தால் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போடலாம். எளிமையாகத்தான் தெரியுது. ஆனா இதுக்குள்ள ஒரு நுணுக்கம் இருக்கு. ஷெல் அரைவட்டத்தைவிட ஒரு துளி பெரிதாகவே செய்யப்படும். கேப்பை முறுக்கும்போது இரண்டு துண்டும் ஒன்றையொன்று நெருக்கி, சுற்றியிருக்கும் இரும்போடு ஒட்டி நிற்கும். அந்த நெருக்கம்தான் ஷெல்லைச் சுழலாமல் பிடித்துக்கொள்கிறது, சூட்டையும் கடத்துகிறது.

இப்போ அந்த விவசாயியின் பேரன் அதே அரத்தை எடுத்து ஷெல் போட்ட கேப்பை ராவுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். துளை வட்டமாக இருக்காது, முட்டை வடிவமாகும். ஷெல் ஓரத்தில் உள்பக்கமாக வளையும். அந்த இடத்தில் எண்ணெய்ப் படலம் அறுந்துபோகும். தாத்தா செய்தது பராமரிப்பு. பேரன் செய்தால் கிராங்க் ஷாஃப்ட் போச்சு. அதனால்தான் எத்தனையோ ஒர்க்‌ஷாப் புத்தகங்கள் கேப்பை ராவாதே என்று தனியாக எழுதி வைத்திருக்கின்றன.

கையால் சுற்றிப் பார்க்கும் வேலையும் அத்தோடு போனது. 50 மில்லிமீட்டர் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய்க்கான இடம் சுமார் 0.05 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. தலைமுடியைவிட மெல்லிசு. இதை விரலால் உணர முடியாது. மைக்ரோமீட்டர் வேண்டும், அல்லது குறைந்தபட்சம் பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு நூல். காய்ந்த தண்டின் மேல் நூலை வைத்து, கேப்பைக் குறித்த டார்க்கில் முறுக்கிக் கழற்றினால், நசுங்கிய நூலின் அகலம் இடைவெளியைச் சொல்லும். நடுவில் கிராங்கைச் சுற்றினால் அளவு போச்சு. லேத் கடையில் கிராங்கை 10 சைஸ் அரைத்துத் தந்தார்கள், டப்பாவிலும் 10 என்று போட்டிருக்கிறது என்பதற்காக நம்பிப் போடாதீங்க. அளந்துட்டுப் போடுங்க.

மெயின் பேரிங் கேப்புகளுக்கும் ஒரு கதை உண்டு. அவற்றை பிளாக்கில் முறுக்கிவைத்துத்தான் துளையைக் கடைகிறார்கள். அதனால் மூன்றாம் நம்பர் கேப் இரண்டாம் இடத்துக்குப் போனாலோ, திரும்பி உட்கார்ந்தாலோ, துளை நேர்கோட்டில் இருக்காது. லீலண்ட் ஜெயித்ததற்கு நேர் எதிரான விதி. துல்லியம் கூடக் கூட, சில ஜோடிகள் பிரிக்க முடியாதவை ஆகிவிட்டன.

1990களில் இது உச்சத்துக்குப் போனது. கனெக்டிங் ராடை ஒரே துண்டாகச் செய்து, கீழ் வட்டத்தை வேண்டுமென்றே உடைத்துப் பிளக்கும் முறை பரவியது. உடைந்த தேங்காய் ஓட்டின் இரண்டு பாதியைப் போல, அந்தக் கேப் அந்த ராடோடு மட்டும்தான் சேரும். பழைய மெக்கானிக் பழக்கம், பிரிக்கும் முன் ராடிலும் கேப்பிலும் பஞ்ச் வைத்து நம்பர் அடிப்பது. முன்பு நல்ல பழக்கம். உடைத்துச் செய்த ராடில் அந்த அடியே வட்டத்தைக் கெடுக்கும். பெயிண்ட் மார்க்கர் போதும். ஹெட் போல்ட்டும் அப்படித்தான். இழுபட்டு நீளும் அளவுக்கு முறுக்கும் வகை போல்ட்டை ஒரு தடவைதான் போடலாம். பழசு பார்க்க நல்லாத்தான் இருக்கும், நம்பாதீங்க.

சரி, வீட்டில் கட்டுபவர்களுக்கென்றே எழுதிய புத்தகம் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஜான் மியூர், லாக்ஹீட் விமான கம்பெனியில் வேலை பார்த்த இன்ஜினியர். அந்த வாழ்க்கையை விட்டுவிட்டு, 1969இல் ஃபோக்ஸ்வாகன் வண்டியை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று ஒரு கையேடு எழுதினார். ஸ்பேனரே பிடிக்காதவர்களுக்காக. ஹிப்பி காலத்து அமெரிக்காவில் எத்தனையோ பேர் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் என்ஜினைப் பிரித்தார்கள். பீட்டில் என்ஜினின் கிராங்க் கேஸ் இரண்டு பாதி. மெயின் பேரிங்குகள் சின்ன ஊசிகள் மேல் உட்கார வேண்டும். உட்காராமல் கேஸை முறுக்கினால் பேரிங் நசுங்கும். அதற்கு மருந்து ரொம்ப எளிது: கொஞ்சம் முறுக்கு, கிராங்கைச் சுற்றிப் பார், திரும்ப முறுக்கு. இறுக ஆரம்பித்தால் நிறுத்திப் பிரி. நாங்க ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் டெஸ்ட் ஓட்டுவதும் இதேதான்.

அழுக்கு விஷயத்திலும் காலம் மாறியிருக்கிறது. ஹெட் கேஸ்கெட் ஒட்டியிருந்த இடத்தைச் சுழலும் சொரசொரப்புப் பேடால் சுரண்டுவது வேகமான வேலை. அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்ஸைடு எண்ணெயில் கலந்து பேரிங்கை அழிப்பதால், ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஒர்க்‌ஷாப்களுக்கு இதைப் பற்றி எச்சரிக்கை அனுப்பியது. போர் பண்ணி ஹோனிங் செய்து வந்த சிலிண்டரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பதும் போதாது. பொடி அந்தக் கீறல்களுக்குள் உட்கார்ந்திருக்கும். சோப்பு, வெந்நீர், பிரஷ். வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் வராத வரைக்கும். உடனே எண்ணெய் தடவணும், இல்லன்னா கண் முன்னாலயே துருப்பிடிக்கும்.

கடைசியா எண்ணெய். 2004இல் அமெரிக்காவில் வந்த ஏபிஐ எஸ்.எம். தரம், என்ஜின் ஆயிலில் பாஸ்பரஸ் அளவைக் குறைத்தது. சைலன்ஸர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றத்தான். ஆனால் அந்தப் பாஸ்பரஸ் வந்தது துத்தநாகம் கலந்த தேய்மானத் தடுப்பு மருந்திலிருந்து. உருளை இல்லாத தட்டையான டேப்பெட் உள்ள பழைய என்ஜின்களுக்கு அந்த மருந்து தேவை. புதுசாகக் கட்டிய பழைய என்ஜின்கள் கேம் தேய்ந்து சாகும் புகார்கள் அந்த வருஷங்களில் பெருகின. கட்டியவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருப்பார். கடையில் இருப்பதிலேயே புது தரம் என்று பார்த்து எண்ணெய் வாங்கியிருப்பார், அவ்வளவுதான்.

அந்த வகை என்ஜின் உங்களிடம் இருந்தால், துத்தநாகம் போதுமான எண்ணெய் வாங்குங்க. புது கேம் போட்டிருந்தா, முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாதீங்க. கேம் மேடுகளுக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்க் தெறிக்கும் துளிகளில்தான் வருது, ஐடிலில் அது பத்தாது. சுமார் 2000 ஆர்.பி.எம்.மில் இருபது நிமிஷம் ஓட விடுங்க. ஆயில் பிரஷர் மீட்டர்மேல ஒரு கண் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவார், முன்னாடியே போய்ச் சொல்லி வச்சுருங்க.