பின்சக்கரம் வழுக்கிய கதை

ரிமோட் காரில் அப்படி என்ன பெரிய சரித்திரம் இருந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். இருக்கிறது! வளைவிலிருந்து வெளியே வரும்போது விரல் கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டால் போதும், பின்பக்கம் வெளியே வீசி, கார் பம்பரம் போலச் சுற்றி, வந்த திசையையே பார்த்து நின்றுவிடும். பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் மண்தரைக் கார்களின் பரம்பரை வியாதி இது. அதற்கு மருந்து தேடிய கதைதான் இந்தக் கார்களின் பாதிச் சரித்திரம்.

1976-இல் ஜப்பானின் டாமியா நிறுவனம் தன் முதல் ரிமோட் காரான போர்ஷே 934-ஐ வெளியிட்டது. உண்மைக் காரில் 12-இல் ஒரு பங்கு அளவு. அது சமதளத்தில் ஓடுவதற்கானது. அந்தக் காலத்து 1/12 பந்தயக் கார்கள் பலவற்றில் தனி சஸ்பென்ஷனே கிடையாது. அடித்தட்டு லேசாக வளைந்து கொடுக்கும், அவ்வளவுதான். வழவழப்பான தரையில் அதுவே போதுமானதாக இருந்தது.

சிக்கல் மண்ணில் இறங்கியபோது வந்தது. 1979-இல் டாமியாவின் ரஃப் ரைடரும் சாண்ட் ஸ்கார்ச்சரும் வோக்ஸ்வேகன் பீட்டிலைத் தழுவிய சஸ்பென்ஷனோடு வந்தன. பார்க்க அழகு, ஆனால் கனம். 1984-இல் வந்த ஹார்னெட் மலிவு, வேகம், பையன்களின் செல்லப்பிள்ளை. அதன் பின்பக்கத்தில் மோட்டார், கியர் பெட்டி, அச்சு மூன்றும் ஒரே கட்டாகச் சேர்ந்து ஆடும். ஒரு பின்சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சாயும். அவ்வளவு கனமும் சேர்ந்து குதித்தால் டயர் தரையைத் தொட்டிருப்பது எப்படி? தரையைத் தொடாத டயருக்குப் பிடிமானம் ஏது?

அதே 1984-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருந்து வந்த பதில்தான் ஆர்சி10. அசோசியேட்டட் நிறுவனத்தின் ரோஜர் கர்ட்டிஸ் வடிவமைத்தது. தங்க நிற அலுமினியச் சேசிஸ், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனிக் கைகள், எண்ணெய் நிரப்பிய அலுமினிய ஷாக் அப்சார்பர்கள். மோட்டார் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கியது. அந்தக் கனம் பின்டயர்களை மண்ணில் அழுத்தியது. 1985-இல் கலிஃபோர்னியாவின் டெல் மாரில் நடந்த முதல் 1/10 மின்சார மண்தரை உலகப் போட்டியில், இருசக்கர இயக்கப் பிரிவில் ஜே ஹால்சி வென்றது இந்தக் காரில்தான்.

வெற்றியைவிட முக்கியம் இன்னொன்று. இந்தக் காரில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மாற்றலாம். ஸ்பிரிங்கை மாற்றலாம், ஷாக்கின் எண்ணெயை மாற்றலாம், ஷாக்கை வேறு துளையில் மாட்டலாம். கார் ஓட்டுபவன் பாதி மெக்கானிக் ஆனான். எந்தத் தரைக்கு எந்த எண்ணெய் என்று தாளில் குறித்துவைக்கும் பழக்கம் பந்தயக்காரர்களிடம் ஊறிப்போனது.

புதிதாக வருபவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். பின்பக்கம் வழுக்குகிறதா, கெட்டியான ஸ்பிரிங் போட்டு இறுக்கிவிடலாம் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு! வளைவில் காரின் எடை உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறுகிறது. முன், பின் இரண்டில் எது அதிகம் இறுகியிருக்கிறதோ, அது இந்த மாற்றத்தில் பெரும்பங்கைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது. எடை இரட்டித்தால் டயரின் பிடிமானம் இரட்டிப்பதில்லை, கொஞ்சம் குறைவாகவே கூடும். ஆகவே ஒரு டயரில் எல்லா எடையையும் கொட்டுவதைவிட இரண்டுக்கும் பகிர்ந்து கொடுப்பதே லாபம். பின் ஸ்பிரிங்கை இளக்கினால் பின்பக்கம் பிடிக்கும். முன் ஸ்பிரிங்கை இறுக்கினாலும் பிடிக்கும். பின்சக்கரத்துக்கு வைத்தியம் முன்சக்கரத்தில் பார்ப்பது என்றால் சிரிப்பு வரும், ஆனால் உண்மை. இதோடு பின்சக்கரங்களின் முன்முனைகளைச் சில டிகிரி உள்நோக்கித் திருப்பிவைத்தால் வால் ஆடுவது இன்னும் அடங்கும். பதிலுக்கு நேர்ப்பாதையில் வேகம் கொஞ்சம் குறையும். எதுவும் இலவசமில்லை.

இப்படி மருந்து கிடைத்த பிறகு வியாதியே மாறிப்போனது. பந்தயத் தரைகள் மாறின. ஐரோப்பாவில் செயற்கைப் புல்லிலும் கார்ப்பெட்டிலும் பந்தயம் பெருகியது. டயர்களும் முன்னேறின. ஒட்டிப்பிடிக்கும் தரையில் பின்பக்கப் பிடிமானம் தாராளம், திரும்ப மறுப்பது முன்பக்கம்தான். ஒருகாலத்தில் காரைக் காப்பாற்றிய பின்கனமே இப்போது கடிகாரப் பெண்டுலம் மாதிரி வாலை இழுத்தது. மோட்டாரைப் பின் அச்சுக்கு முன்னால் கொண்டுவரும் வேலை தொடங்கியது. 2011-இல் வந்த டிஎல்ஆர் 22 காரை வாங்குபவர் எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், மோட்டார் பின்னாலோ நடுவிலோ. பின்னாலே தொங்கவிட்டு ஜெயித்த அசோசியேட்டட் நிறுவனமும் 2013-இல் பி5 என்று பின்மோட்டார்க் காரையும், பி5எம் என்று நடுமோட்டார்க் காரையும் சேர்த்தே அறிமுகப்படுத்தியது. எந்தத் தரையில் ஓட்டுவது என்று வாங்குபவரே முடிவுசெய்ய வேண்டியதாயிற்று.

2016-இல் வந்த பி6 வரிசையில் அந்தக் கேள்வியும் போய்விட்டது. மண்தரைக்கென்று தனியாக வந்த பி6டி காரில்கூட மோட்டார் அச்சுக்கு முன்னால்தான். வேடிக்கை என்னவென்றால், பி5எம் வந்த அதே 2013-இல் அந்த நிறுவனம் பழைய ஆர்சி10-ஐயும் மறுபடி தயாரித்து விற்றது, தங்க நிறச் சேசிஸோடும் பின்னால் தொங்கும் மோட்டாரோடும்.