அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது?

இன்று ஒரு பழைய பாக்கியைத் தீர்க்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கைப் பாடம். 6 கார்பன் டை ஆக்சைடு, 6 நீர். வெயிலும் பச்சையமும் சேர்ந்தால் குளுக்கோஸ் ஒன்று, ஆக்சிஜன் 6 என்று கரும்பலகையில் எழுதியிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், வெளியே வர்ற ஆக்சிஜன் எதுல இருந்தது? தண்ணியிலயா, கார்பன் டை ஆக்சைடுலயா?"

"கார்பன் டை ஆக்சைடுதான். இலை கார்பனை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை விட்டுவிடும்" என்றேன், யோசிக்காமல். ஓய்வுபெற்ற பிறகு பேத்தியின் பதினோராம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, நான் சொன்னது தப்பு.

ஒரே ஆறுதல், பெரிய பெரிய விஞ்ஞானிகளும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ். எல்லாம் தண்ணீரால்தான் என்று முடிவு கட்டினார். அவர் இறந்தபின் 1648-இல் இது அச்சானது. காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

1771-இல் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றில் புதினாச் செடியை வைத்தார். சில நாளில் அதே காற்றில் மெழுகுவத்தி மறுபடி எரிந்தது. வெயிலில், பச்சைப் பாகம்தான் இதைச் செய்கிறது என்று 1779-இல் இங்கன்ஹவுஸ் காட்டினார். கார்பன் டை ஆக்சைடு வேண்டும் என்றார் செனிபியர். தண்ணீரும் செடியின் எடையில் சேர்கிறது என்று 1804-இல் எடைபோட்டுச் சொன்னவர் தெ சோசூர்.

உள்ளே போவதும் வெளியே வருவதும் தெரிந்துவிட்டது. எது எதிலிருந்து என்பதுதான் பாக்கி. அதற்கு இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது!

1930-களில் கலிஃபோர்னியாவில் வான் நீல் ஒருவகை பாக்டீரியாக்களை ஆராய்ந்தார். அவை தண்ணீருக்குப் பதில், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை எடுத்துக்கொள்கின்றன. கார்பன் டை ஆக்சைடையும் எடுக்கின்றன. ஆனால் ஆக்சிஜன் வரவில்லை, கந்தகம்தான் மிஞ்சுகிறது. அப்படியானால் செடியில் உடைவது தண்ணீராகத்தானே இருக்க வேண்டும்?

அது ஊகம். நிரூபித்தவர்கள் பெர்க்லியில் இருந்த சாமுவேல் ரூபன், மார்ட்டின் கேமன் குழுவினர், 1941-இல். சாதாரண ஆக்சிஜனைவிடக் கனமான ஆக்சிஜன்-18 கலந்த தண்ணீரைக் குளோரெல்லா என்ற பாசிக்குக் கொடுத்தார்கள். வெளிவந்த வாயுவிலும் அதே கனமான ஆக்சிஜன், தண்ணீரில் இருந்த அளவிலேயே. இரண்டே வருடத்தில், போர்க்கால ஆய்வின்போது ஃபாஸ்ஜீன் நச்சுவாயு தாக்கி ரூபன் இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகவில்லை. படிக்கும்போது மனசு கனத்துவிட்டது.

என் கரும்பலகைக் கணக்கே உதைக்கிறது பாருங்கள். 6 நீரில் ஆக்சிஜன் அணு 6-தான். வெளியே வருவதோ 12. அதனால்தான் மேல்வகுப்பில் இடப்பக்கம் 12 நீர் போட்டு, வலப்பக்கம் 6 நீர் புதிதாக உண்டாவதாக எழுதுகிறார்கள். அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை அந்த எண்ணிலேயே ஒளிந்திருக்கிறது.

கடைசி பெஞ்சுக்காரியே, இதைப் படித்தால் நோட்டில் திருத்திக்கொள் அம்மா. தண்ணீர்.